இறந்தவர் போட்ட கையெழுத்து

எங்கள் ஆபீசில் இதுவரை மயங்கி விழுந்தவர்கள் இரண்டே பேர். முதல் ஆள் நான், மாடிப்படி ஏறி வந்த களைப்பில். இரண்டாவது, அந்த டிரைவிங் டீச்சர்.

ஆபீஸ் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தையல் கடைக்கு மேலே ஓர் அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே எங்கள் மேஜையில் டீ கிளாஸ் தானாக நடக்கும். என் முதலாளி இருபத்திரண்டு வருஷம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். அச்சகத்தை மூடியதும், காகிதத்தில் பிழை பிடித்தது போதும், இனி மனிதர்களிடம் பிடிக்கலாம் என்று துப்பறிய வந்துவிட்டார். எல்லோரும் அவரைப் புரூஃப் மேடம் என்பார்கள். அவர் போகிற இடமெல்லாம் நான் பின்னாலேயே போவதால் எனக்கு வால் என்று பெயர். வாய் என்று வைத்திருக்கலாம் என்பது மேடத்தின் கருத்து.

டிரைவிங் டீச்சருக்கு முப்பத்தெட்டு வயது. நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கைத் தேடி அழுத்தியது. பதினைந்து வருஷமாகப் பிறர் ஓட்டும் காரில் உட்கார்ந்து உயிரைக் காப்பாற்றிக்கொண்ட கால் அது.

விஷயத்தை நேராகச் சொன்னார். பத்து நாளைக்கு முன்னால் சிக்னலில் வண்டி நின்றிருந்தபோது மயங்கிவிட்டார். பக்கத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த மனிதர் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு அவரும் பாதி மயங்கிவிட்டார். இது நான்காவது தடவை. டாக்டர் இதயத்தைச் சோதித்தார், சந்தேகமாகத் தலையை ஆட்டினார், ஒரு கேள்வி கேட்டார். உங்கள் அப்பா எந்த வயதில், எதனால் இறந்தார்? இளம் வயதில் இதயம் நின்று போயிருந்தால் டீச்சருக்கும் நெஞ்சில் ஒரு கருவி பொருத்த வேண்டியிருக்கும். அப்புறம் ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது.

எந்த அப்பா என்பதுதான் சிக்கல். வளர்த்த அப்பா கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார், காலையில் ஐந்து கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்து பேப்பர்காரரோடு சண்டை போடுகிறார். டாக்டருக்கு வேண்டியது பெற்ற அப்பா. அவரைப் பற்றி டீச்சரிடம் இருந்தது ஒரே ஒரு தாள், பதினான்கு மாதக் குழந்தையாக அவரைத் தத்துக் கொடுத்தபோது எழுதிய உத்தரவு. வளர்த்த அம்மா அதைக் குக்கர் வாரண்டி கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருந்தார். அதில் பெற்ற அப்பாவின் பெயர், விலாசம், தொழில் என்ற இடத்தில் ‘போர்டு எழுதுபவர்’, அதற்குக் கீழே ‘இறந்துவிட்டார்’. எப்போது, எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை. பெற்ற அம்மா வாயால் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த அம்மாவும் நான்கு வருஷம் கழித்துக் காய்ச்சலில் போய்விட்டார். அவருடைய இறப்புச் சான்றிதழ் பத்து நிமிஷத்தில் கிடைத்தது. அப்பாவுடையது மட்டும் இல்லை.

“பதிவு ஆபீஸ்ல மூணு தடவை தேடிட்டாங்க மேடம். அப்படி யாரும் சாகவே இல்லைன்னு சொல்றாங்க,” என்றார் டீச்சர்.

சூழ்நிலை கனமாகிவிட்டதே என்று நான் ஒன்று சொன்னேன். “அந்த ஆபீஸ்ல பிறப்பு கவுண்ட்டர்லதான் எப்பவும் தகராறு. இறப்பு கவுண்ட்டர்ல ஒரு கஸ்டமர்கூடத் திரும்பி வந்து குறை சொன்னதில்ல.”

டீச்சர் சிரித்தார். நன்றாக, தோள் குலுங்கச் சிரித்தார். அப்புறம் ஈரத் துண்டு கொடியிலிருந்து நழுவுகிற மாதிரி நாற்காலியிலிருந்து நழுவித் தரைக்குப் போனார். நான் தண்ணீரைத் தேடி டீயைத் தெளித்தேன். அரை நிமிஷத்தில் கண்ணைத் திறந்து, புடவையில் டீ எப்படி வந்தது என்று கேட்டார். அறையில் புழுக்கம் என்று நான் ஜன்னலைத் திறந்தேன். மேடம் நோட்டில் என்னவோ குறித்துக்கொண்டார்.

மறுநாள் காலை பத்தரைக்கு மூன்று பேரும் பதிவு ஆபீசில் இருந்தோம். நான்தான் காரை ஓட்டினேன். வழி முழுக்க டீச்சர் எனக்குப் பாடம் எடுத்தார். இறங்கும்போது எனக்கு ஓட்டவே தெரியாது என்ற முடிவுக்கு நானே வந்திருந்தேன்.

பழைய பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் கிளார்க், பெயர்ப் பட்டியலில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று நம்புகிற மனிதர். நான்காவது தடவையும் பட்டியலைப் புரட்டி, இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னார். பட்டியல் வேண்டாம், பதிவேட்டையே பார்க்க வேண்டும் என்றார் மேடம். கிளார்க் சட்டம் பேசினார். அவர் மேஜைக்குப் பின்னால் தொங்கிய அறிவிப்புப் பலகையில் ஏழு எழுத்துப்பிழை இருப்பதாக மேடம் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டத் தொடங்கினார். மூன்றாவது பிழையில் சாவி வெளியே வந்தது.

தேட வேண்டிய காலம் அதிகமில்லை. டீச்சர் பிறந்த நாளிலிருந்து தத்து உத்தரவு வரைக்கும் பதினான்கு மாதம். மூன்று தடிப் புத்தகங்கள். ஒவ்வொரு வரியிலும் இடது பக்கம் இறந்தவர் பெயர், விலாசம், காரணம். வலது பக்கம் தகவல் தந்தவர் பெயர், விலாசம், உறவு, கையெழுத்து. நான் இடது பக்கத்தைப் படித்துக்கொண்டே போனேன். ஒரு மணி நேரத்தில் அறுநூறு பேரைத் தாண்டினேன். இவ்வளவு பேர் ஒரே இடத்தில் இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

மேடம் படித்த விதமே வேறு. கடைசி வரியில் தொடங்கி மேலே போனார், வலது ஓரத்தில் தொடங்கி இடது பக்கம் வந்தார். ஏன் இப்படி என்று டீச்சர் கேட்டார். நேராகப் படித்தால் மனம் தனக்குத் தெரிந்ததைத் தானே வாசித்துவிடும், திருப்பிப் படித்தால்தான் தாளில் இருப்பது தெரியும் என்று பிழை திருத்துகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்களாம்.

இரண்டாவது புத்தகத்தின் நடுவில் மேடத்தின் விரல் நின்றது. வலது பக்கத்தில்.

டீச்சரின் தாளில் இருந்த அதே பெயர், அதே இனிஷியல், அதே விலாசம். ஆனால் இறந்தவர் என்ற இடத்தில் இல்லை. தகவல் தந்தவர் என்ற இடத்தில். உறவு: நண்பர். அந்த வரியில் இறந்தவராக இருந்தது எங்களுக்குத் தெரியாத யாரோ ஒருவர். காரணம்: ஏணியிலிருந்து விழுந்தது. அந்த நாளில் டீச்சர் எட்டு மாதக் குழந்தை.

எனக்கு மூளை வேகமாக ஓடியது. பிரேக் இல்லாமல் என்று பிறகு மேடம் சொன்னார். “அப்ப உங்கப்பா அன்னிக்கு உயிரோட இந்த ஆபீசுக்கு நடந்து வந்திருக்கார். செத்துட்டார்னு உங்கம்மா சொன்னது பொய்யா இருக்கலாம். கோவத்துல சில பேர் அப்படிச் சொல்றதுண்டு. உங்கப்பா இப்பவும் எங்கயாவது இருக்கலாம்.”

டீச்சர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் கை அந்தப் பெயர் மேல் போய், தொடாமல் ஓர் அங்குலம் மேலேயே நின்றது.

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு லென்ஸை எடுத்து அந்த வரியின் ஓரத்தில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். என்னிடமும் காட்டி, படிக்க முடிகிறதா என்றார். புழு ஒன்று மையில் விழுந்து வீட்டுக்குப் போன தடம் மாதிரி இருக்கிறது என்றேன். அந்தப் பக்கம் முழுக்க ஒரே கை எழுதியிருக்கிறது, இந்த ஒரு வரி மட்டும் வேறு கை என்பதையும் காட்டினார். சாப்பாட்டு நேரத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள் என்றார் கிளார்க், முப்பத்தேழு வருஷத்துக்கு முந்தைய சாப்பாட்டுக்கும் தானே பொறுப்பு என்பது போல.

இறந்தவருடைய விலாசத்தைக் குறித்துக்கொண்டு மேடம் எழுந்தார். அந்தக் குடும்பம் இன்னும் அங்கே இருந்தால் போர்டு எழுதியவரைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று மட்டும் சொன்னார்.

இந்தத் தடவை டீச்சர் நான் ஓட்டுவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஒருவழிச் சாலையில் எதிர்த்திசையில் நுழைந்தேன், அப்போதும் சொல்லவில்லை. கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பித் தலையை வாரிக்கொண்டார். அப்போதுதான் நான் சொன்னது எவ்வளவு பெரிய வார்த்தை என்று எனக்கு உறைத்தது.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு சந்து. அந்தச் சந்தில் கடைகளின் போர்டுகளைப் பார்த்தால் விசித்திரமாக இருந்தது. எதிலும் எழுத்தே இல்லை. செருப்புக் கடை போர்டில் செருப்பு மட்டும். பூட்டுக் கடை போர்டில் பூட்டு மட்டும். பத்திரம் எழுதுகிறவர் கடை போர்டில் கவலையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர். நாங்கள் தேடிய வீட்டின் கேட்டில் பல்லைக் காட்டும் ஒரு நாயின் படம். கீழே ஜாக்கிரதை என்றுகூட எழுதவில்லை, அந்த நாயின் முகமே போதும்.

கதவைத் திறந்தவருக்கு எழுபது வயது இருக்கும். கன்னத்தில் பாதி சவர நுரை, விரல் நகங்களில் பச்சைப் பெயிண்ட். மேடம் பதிவேட்டிலிருந்த இறந்தவர் பெயரைச் சொல்லி, அவருடைய வீடு இதுதானா என்று கேட்டார்.

“நான்தான். என்ன வேணும்?” என்றார் அவர்.

என் வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பேச்சு வரவில்லை. வந்தபோது வந்தது இது. “ஐயா, நீங்க செத்து முப்பத்தேழு வருஷம் ஆச்சு.”

அவர் கோபப்படவில்லை. நுரை இல்லாத கன்னத்தைத் தடவிக்கொண்டு யோசித்தார். போன தேர்தலில் ஓட்டுகூடப் போட்டேனே என்றார். அது ஆதாரம் ஆகாது, இறந்தவர்கள் ஓட்டுப் போடுவது வழக்கத்தில் உள்ளதுதான் என்று நான் விளக்கினேன். சரி, நான் எதனால் செத்தேன் என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

“ஏணியிலிருந்து விழுந்துன்னு எழுதியிருக்கு,” என்றார் மேடம்.

பெரியவரின் கை கன்னத்திலேயே நின்றுவிட்டது. “அது நான் இல்லம்மா. அது அவன்.”

டீச்சர் கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

மேடம் மெதுவாக விளக்கினார். பதிவேட்டில் எழுதியது யாராக இருந்தாலும், கையெழுத்துப் போட்டவர் ஆபீசில் நேரில் நின்றவர். லென்ஸில் பார்த்தால் அந்தப் புழுத்தடம் இறந்தவராகக் காட்டியிருந்த மனிதரின் பெயர். இறந்தவர் வந்து கையெழுத்துப் போட முடியாது. ஆக, சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்த ஆள் இரண்டு பெயரையும் விலாசத்தோடு இடம் மாற்றி எழுதிவிட்டார். போர்டு எழுதியவர் இறந்தவர், தகவல் சொல்லப் போனவர் இந்தப் பெரியவர். பட்டியல் போட்டவர்கள் இடது பக்கத்தை மட்டும் பார்த்துப் போட்டதால் டீச்சரின் அப்பா இத்தனை வருஷமாகக் கிடைக்கவில்லை.

படிக்காமலா கையெழுத்துப் போட்டீர்கள் என்று நான் கேட்டேன். பெரியவர் தெருவைக் காட்டினார். தனக்குத் தன் பெயரைப் போட மட்டும்தான் தெரியும் என்றார். “நாங்க கூட்டா போர்டு போட்டோம். எழுத்து அவன், படம் நான். அவன் போனப்புறம் என் போர்டுல எழுத்து இல்ல.”

டீச்சர் மேடத்திடம் திரும்பினார். குரலில் சத்தம் இல்லை. “உங்களுக்குப் பதிவு ஆபீஸ்லயே தெரிஞ்சிருக்கு. கார்ல நான் தலை வாரிக்கிறப்பகூட நீங்க ஒரு வார்த்தை சொல்லல.”

“சந்தேகம் இருந்துச்சு. ஒரு கையெழுத்தை மட்டும் நம்பி உங்கப்பாவை நான் சாகடிக்கவும் கூடாது, பிழைக்க வைக்கவும் கூடாதுன்னு நினைச்சேன். ஆனா உங்களைத் தனியா நினைக்க விட்டது தப்பு. மன்னிச்சுக்குங்க,” என்றார் மேடம். மேடம் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் கேட்டேன். என் தப்புதான் பெரியது.

இது யார் என்று அதுவரை பெரியவருக்குத் தெரியாது. டீச்சர் சொன்னார். பெரியவர் பாதி நுரையோடு அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே ஓடி, இருக்கிற நாற்காலி எல்லாவற்றையும் கொண்டுவந்து போட்டார். நாங்கள் மூன்று பேர், நாற்காலி ஏழு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணி எங்கே போனார் என்று ஒரு வருஷம் தேடினேன் என்றார்.

அப்புறம் நடந்ததைச் சொன்னார். ஒரு பல் டாக்டருக்கு போர்டு. பெரியவர் முந்தின நாளே வாய் நிறையச் சிரிக்கும் ஒரு முகத்தை வரைந்து முடித்திருந்தார். நண்பர் ஏணியில் நின்று கீழே பெயரை எழுதிக்கொண்டிருந்தார். பல் டாக்டர் வந்து, கையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, படத்தில் இருந்த பற்களை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார்.

இந்த இடத்தில் மேடம் எழுந்து வந்து டீச்சருக்குப் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார். எனக்குக் காரணம் புரியவில்லை.

“முப்பத்தொம்பது, நாப்பது, நாப்பத்தொண்ணுன்னு முடிச்சார்,” என்றார் பெரியவர். “மனுஷனுக்கு முப்பத்திரண்டுதான்யான்னு கத்தினார். நான் சொன்னேன், கூட இருக்கிறதை நீங்க பிடுங்கிக்குங்க டாக்டர், உங்க தொழிலே அதுதானேன்னு.”

ஏணி மேல் இருந்தவர் சிரித்தார். சின்ன வயதிலிருந்தே அவருக்கு அப்படித்தான், பலமாகச் சிரித்தால் அரை நிமிஷம் நினைவு போய்விடும். பெரியாஸ்பத்திரியில் இரண்டு தடவை காட்டியாயிற்று, இதயம் நன்றாக இருக்கிறது, சிரிக்கும்போது உட்கார்ந்துகொள் என்றார்கள். அன்றைக்கு உட்கார இடம் இல்லை.

“அவனைச் சாகடிச்சது என் வாய்தான்,” என்றார் பெரியவர். “அதுக்கப்புறம் நான் ஒரு ஜோக்கும் சொன்னதில்ல.”

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அழுகை வருகிறது என்று நினைத்துக் கைக்குட்டையை நீட்டினேன். அழுகைதான் வந்தது, கண்ணில். ஆனால் தோள் குலுங்கியது. “நாப்பத்தொண்ணு,” என்று முனகினார். அவ்வளவுதான், அப்படியே மேடத்தின் தோளில் சாய்ந்தார்.

பெரியவர் பதறவில்லை. இதை ஆயிரம் தடவை பார்த்தவர் அவர். எழுந்து டீச்சரின் காலை இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்தார். ஏழு நாற்காலியில் ஒன்று உதவியது.

அந்த அரை நிமிஷத்தில் மேடம் நோட்டைத் திறந்து என்னிடம் காட்டினார். முந்தின நாள் ஆபீசில் குறித்தது: ‘வாலின் ஜோக்குக்கு மயங்கினார். அந்த அளவுக்கு ஜோக் நன்றாக இல்லை. விசாரிக்க.’

டீச்சர் கண்ணைத் திறந்தார். நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எங்க விட்டீங்க?” என்றார்.

பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “அவனும் எந்திரிச்ச உடனே இதையேதான் கேப்பான்.”

சிக்னலில் மயங்கிய அன்று என்ன நடந்தது என்று மேடம் விசாரித்தார். வலது பக்கம் திரும்பப் போவதற்கு அடையாளமாக அந்த மாணவர் வைப்பரைப் போட்டுவிட்டு, பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிகிறதா என்று கேட்டிருக்கிறார். அதற்கு முந்தைய மூன்று தடவையும் அதே ரகம். பெரியவர் சொன்னதையெல்லாம் மேடம் எழுதி, இதை வைத்துக்கொண்டு நீங்களே முடிவுக்கு வராதீர்கள், டாக்டரிடம் கொடுங்கள் என்று டீச்சரின் கையில் கொடுத்தார். மூன்றாம் நாள் டீச்சர் போன் செய்தார். டாக்டர் இன்னும் இரண்டு சோதனை செய்து பார்த்துவிட்டார். இதயத்தில் கோளாறில்லை, நெஞ்சில் கருவி வேண்டாம். கொஞ்ச நாள் மருந்து, அப்புறம் வண்டியைத் தொடலாம். நகைச்சுவை உணர்வுள்ள மாணவர்களை மட்டும் வேறு பள்ளிக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த திங்கட்கிழமை பதிவைத் திருத்தப் போனோம். கிளார்க் திருத்த மனுவைப் படித்தார், பெரியவரைப் பார்த்தார், மறுபடி மனுவைப் படித்தார். பதிவேட்டில் இறந்தவர் நேரில் வந்து குறை சொல்வதற்குத் தனிப் படிவம் இல்லை என்றார். முதல் கஸ்டமர் என்பதால் அப்படி இருக்கலாம் என்று ஆறுதல் சொன்னேன். கடைசியில் பெயர்த் திருத்தப் படிவத்திலேயே அவரை உயிர்ப்பிக்க ஒப்புக்கொண்டார்.

சிவப்பு மையில் வரி திருந்தியது. பெரியவர் இந்தத் தடவை உடனே பேனாவை வாங்கவில்லை. முழுவதையும் படித்துக் காட்டச் சொன்னார். டீச்சர் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்துப் படித்தார். இறந்தவர் என்ற இடத்துக்கு வந்ததும் குரல் கொஞ்சம் இறங்கியது. அப்பாவின் பெயரை முழுதாகச் சொல்லிவிட்டு, மூச்சு விட்டு, மேலே படித்தார்.

“என் பேரு எங்க இருக்கு?”

“இங்க, கடைசில. தகவல் தந்தவர். இங்கதான் நீங்க போடணும் சித்தப்பா.”

அந்தச் சொல்லைக் கேட்டு அவர் தலை நிமிரவில்லை. ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு புழுவை மையில் நடக்கவிட்டார்.

இப்போது நான் உயிரோடுதானே என்று கிளார்க்கிடம் கேட்டார். மேலிடத்தில் கையெழுத்தாகி வர ஒரு வாரம் ஆகும், அதுவரை பழைய நிலைதான் என்றார் கிளார்க். பெரியவர் அதை ஒத்துக்கொண்டார், பழக்கப்பட்ட நிலைதானே.

வெளியே வராந்தாவில் டீச்சர் அவரைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். மதியமே வர வேண்டும், அப்பா காத்திருக்கிறார் என்றார். எந்த அப்பா என்று பெரியவர் குழம்பினார்.

“என்னை வளர்த்த அப்பா. அவர்கிட்ட அந்தப் பல் டாக்டர் கதையை நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா பாதியில படுத்துடுவேன். அவர் எவ்வளவு சிரிச்சாலும் ஒண்ணும் ஆகாது.”

ஜோக் சொல்லி முப்பத்தேழு வருஷம் ஆயிற்று, வராது என்றார் பெரியவர். டீச்சர் அவர் கையைப் பிடித்துப் படி இறக்கினார். மேடமும் நானும் பின்னால் போனோம். நான்கு படி இறங்கியதும் பெரியவர் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எண்ணுறதைப் பல் டாக்டர் குரல்லயே சொல்லட்டுமா, இல்ல சும்மா சொல்லட்டுமா?”